மூன்று டிக்கெட்

பெருநாளுக்கு மறுநாள் மத்தியானம், கோட்டை வாசலுக்கு எதிரே இருக்கும் புங்கமரத்தடியில் பாயை உதறி விரித்து, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்து, முதுகை நிமிர்த்திச் சம்மணம் போட்டு உட்கார்ந்த பிறகுதான் அப்துல் சுக்கூருக்கு உறைத்தது. அவரைத் தவிர வேறு யாரும் உட்காரவில்லை.

மகன் சமீர் செல்போனைப் பார்த்தபடி நின்றான். அவனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து நான்கு மாதமே ஆன பர்வின், முக்காட்டைச் சரிசெய்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மனைவி அசீசுன்னிசாவோ சாப்பாட்டுக் கூடையைக் கையைவிட்டு இறக்கவே இல்லை.

"இன்னா எல்லாரும் பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி நிக்கிறீங்க? உக்காருங்க. பிரியாணி ஆறிடும்."

"நாங்க உள்ள போறோம்" என்றாள் அசீசுன்னிசா.

"எந்த உள்ள?"

"இங்க எத்தினி உள்ள இருக்குது? கோட்டைக்குள்ளதான்."

சுக்கூர் சிரித்தார். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தார். முப்பத்தோரு வருஷமாக அந்தக் குடும்பத்தின் பெருநாள் உல்லாசம் இந்த மரத்தடியோடு சரி. முதல்நாள் பிரியாணியை மறுபடி தம் போட்டு எடுத்து வருவார்கள். அது முதல்நாளைவிட ருசியாக இருக்கும். கத்தரிக்காய்த் தொக்கு, வெங்காயத் தயிர், தூக்குவாளி நிறைய மல்லாட்டை என்று அவர்கள் சொல்லும் அவித்த வேர்க்கடலை, பிளாஸ்க்கில் இஞ்சி டீ. சாப்பிட்டு முடித்ததும் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு அரைமணி நேரம் படுப்பார். எதிரே மதில், அதற்குப் பின்னால் பாறை பாறையாக ராஜகிரி மலை. அந்தக் காற்றும் அந்தத் தூக்கமும் நவாபுக்கும் கிடைத்திருக்காது என்று எழுந்ததும் ஒவ்வொரு வருஷமும் சொல்வார். கேட்கும் மனைவிக்கும் மகனுக்கும் அது மனப்பாடம்.

ஆனால் மதிலைத் தாண்டி உள்ளே போவதில்லை. அது சத்தியம்.

செஞ்சிக் கடைவீதியில் அந்தச் சத்தியம் தெரியாதவர்கள் குறைவு. சுக்கூரின் வீட்டுக்கு 'வாசல்காரர் வீடு' என்று பெயர். நவாப் காலத்தில் கோட்டை வாசலில் காவல் நின்ற மூதாதை ஒருவரின் வம்சம்; அவரைத்தான் வீட்டில் பாட்டன் என்பார்கள். முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னால், தங்கையைக் கொடுத்த சம்பந்தி வீட்டார் பன்னிரண்டு பேரைக் கோட்டை பார்க்க அழைத்து வந்தார். "டிக்கெட்டா? எனக்கா? என் முகத்தைப் பாத்தாலே கதவு திறக்கும்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். வாசலில் நின்ற காவலாளி அவர் முகத்தைப் பார்த்தான். பார்த்துவிட்டு, "டிக்கெட் எங்க?" என்று கேட்டான். சம்பந்திகளில் ஒருவர் இருமுவதுபோலச் சிரித்தார். அந்த இருமல் இன்னும் சுக்கூரின் காதில் இருக்கிறது. நின்ற இடத்திலேயே சொன்னார்: "என் பாட்டன் காத்த வாசல்ல டிக்கெட் குடுத்து நானும் என் குடும்பமும் காலெடுத்து வைக்க மாட்டோம்." சொன்னபடியே திரும்பி நடந்தார். பின்னால் பன்னிரண்டு பேரும் பசியோடு நடந்தார்கள்.

அந்தச் சத்தியத்தை இன்று ஒரு சாப்பாட்டுக் கூடையைப் பிடித்தபடி ஒருத்தி உடைக்கப் பார்க்கிறாள்.

"சமீர், உங்கம்மாவுக்கு வெயில் ஏறிடுச்சி. உக்காரச் சொல்லு."

"டிக்கெட் எடுத்தாச்சு அத்தா" என்றான் சமீர். "போன்லயே எடுத்துட்டேன்."

சுக்கூரின் முகம் சிவந்தது. "எடுத்துட்டியா? யாரைக் கேட்டு எடுத்தே? எத்தினி எடுத்தே?"

"மூணு."

நாலு என்று சொல்லியிருந்தால் அந்த நாலாவதைத் தூக்கி அவன் முகத்தில் எறிந்திருப்பார். எறிவதற்கும் ஒன்று இல்லை. மூன்றே மூன்றாம். பெற்ற மகன் அவரைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

"உங்களுக்கு வாங்கினா நீங்க சத்தம் போடுவீங்க" என்றான் சமீர். "உங்க சத்தியத்தை நீங்க காப்பாத்திக்குங்க. நாங்க தடுக்கல."

"குடும்பமும்னு சொன்னேன்டா! நானும் என் குடும்பமும்!"

"அப்ப நான் பொறக்கவே இல்லியே அத்தா."

பர்வின் குனிந்த தலையோடு மெல்லச் சொன்னாள்: "மாமா, ஆம்பூர்லேர்ந்து எங்க வீட்ல தினம் போன் பண்ணிக் கேக்கிறாங்க, செஞ்சியில குடுத்தோமே, கோட்டை எப்படி இருக்குதுன்னு. நாலு மாசமா சுவரு நல்லாருக்குது, சுவரு நல்லாருக்குதுன்னே சொல்லிட்டிருக்கேன்."

சமீர் சிரிப்பை அடக்கப் பார்த்தான். அடங்கவில்லை. அதுவும் ஓர் இருமல் மாதிரிதான் கேட்டது.

"போங்க!" என்று கத்தினார் சுக்கூர். பக்கத்துக் கம்பங்கூழ் வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார். "எல்லாரும் போங்க! மானத்தை வித்துட்டு மலை ஏறுங்க! திரும்பி வர்றப்ப நான் இங்க இருப்பேன்னு நினைக்காதீங்க!"

அசீசுன்னிசா கூடையிலிருந்து ஒரு டப்பாவையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துப் பாயின் ஓரத்தில் வைத்தாள். "வேற எங்க போவீங்க? வண்டிச் சாவி சமீர்கிட்ட இருக்குது" என்றாள். கூடையைச் சமீர் வாங்கிக்கொண்டான். மூவரும் சாலையைக் கடந்து போனார்கள். வாசலில் சமீர் போனை நீட்டுவதையும், ஒரு சின்னக் கருவி அதைப் பார்த்து மினுக்குவதையும், மூன்று முதுகுகளும் மதிலுக்குள் மறைவதையும் அவர் இமைக்காமல் பார்த்தார்.

அதன் பிறகு அந்த மரத்தடியில் எதுவும் சரியாக இல்லை. பாயில் எறும்பு ஏறியது. தாழ்ந்த கிளையில் ஒரு குரங்கு வந்து உட்கார்ந்து பிரியாணி டப்பாவையே பார்த்தது. அதை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். பிரிக்கவில்லை. பசித்தது. பசிக்கிறது என்பதே அவமானமாக இருந்தது. கோட்டையை உலகப் பாரம்பரியச் சின்னம் ஆக்கிவிட்டார்களாம், ஞாயிறு தவறாமல் எங்கெங்கிருந்தோ கூட்டம். சேத்துப்பட்டு பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள், பைக்கில் மூன்று பேராக வந்தவர்கள், கைக்குழந்தைக்காரிகள் எல்லாரும் அவர் முன்னால் நடந்து உள்ளே போனார்கள். இந்தக் கோட்டையைப் பற்றி ஒரு வரி தெரியாதவர்கள். ஒருவன் நின்று, "பெரியவரே, உள்ள பாக்க எதாவது இருக்குதா?" என்று கேட்டான்.

"எனக்குத் தெரியாது!" என்று சீறினார். சொன்ன பிறகு அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது. எழுபத்தோரு வயதில் அப்துல் சுக்கூர் செஞ்சிக் கோட்டையைப் பற்றித் தெரியாது என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். வாசலிலிருந்து அசீசுன்னிசா தனியாக வெளியே வந்தாள். சாலையோரம் நின்று இரண்டு பக்கமும் பார்த்து, ஒரு லாரியைப் போகவிட்டு, இடது காலைச் சாய்த்துச் சாய்த்து வைத்துக் கடந்து வந்தாள். முகமெல்லாம் வேர்வை.

"இன்னா, அதுக்குள்ள பாத்து முடிச்சிட்டியா?"

அவள் பைக்குள் கையை விட்டு மாத்திரை டப்பியை எடுத்தாள். "சக்கரை மாத்திரை. என் பையிலயே வந்துடுச்சி. ஞாபகம் வந்ததும் திரும்பிட்டேன். போட்டுக்கிட்டுச் சாப்பிடுங்க. மயக்கம் வந்து விழுந்தா, சத்தியம் பண்ணி விழுந்தாருன்னு ஆஸ்பத்திரியில சொல்ல முடியாது."

"சமீர்கிட்ட குடுத்தனுப்பறது?"

"அவன் பொண்டாட்டியக் கூட்டிட்டு முன்னாடி போயிட்டான். போவட்டும். புதுசா கல்யாணம் ஆனவங்க. நடுவுல நான் எதுக்கு?"

மாத்திரையை விழுங்கினார். அவளே டப்பாவைப் பிரித்துக் கொடுத்தாள். கோபத்தோடு சாப்பிட்டார். கோபத்திலும் பிரியாணி நன்றாக இருந்தது. அதை ஒத்துக்கொள்ளாமல் மென்றார்.

"எதுவரைக்கும் போனே?"

"அந்தக் குதிரை கட்டுற இடம் வரைக்கும்."

"கல்யாண மகால்?"

"தூரத்துல உச்சி மட்டும் தெரிஞ்சிச்சி. ஏழு அடுக்குன்னு சொல்வீங்களே, நாலு எண்ணினேன். அப்புறம் மரம் மறைச்சிடுச்சி."

"பள்ளிவாசல்?"

"அது எங்க இருக்குதுன்னே தெரியல."

"சரி, இப்ப எப்படி உள்ள போவே? டிக்கெட் அவன் போன்ல இல்ல இருக்குது?"

"போவல" என்றாள் அசீசுன்னிசா, முழங்காலைத் தடவிக்கொண்டே. "பாத்த வரைக்கும் போதும்."

அந்தப் 'போதும்' சுக்கூருக்குப் பிடிக்கவில்லை. சண்டை போட்டிருந்தால் பதிலுக்குப் போட்டிருப்பார். கல்யாணமான புதிதில், அவளுடைய பத்தொன்பதாவது வயதில், கோட்டைக்குள் கூட்டிப்போவதாகச் சொன்னார். அப்போது வாசலில் கேட்பார் இல்லை. நாளை, அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே போனது. கடை இருந்தது, பிரசவங்கள் இருந்தன, அம்மாவின் வியாதி இருந்தது. பிறகு சத்தியம் வந்தது. வீட்டு மாடியில் துணி காயப்போடும்போது தினமும் கோட்டையைப் பார்க்கிறவள், நாற்பத்தைந்து வருஷத்தில் இன்றுதான் உள்ளே போனாள். போனவள் நாலு அடுக்கை எண்ணிவிட்டுத் திரும்பி வந்திருக்கிறாள்.

"எல்லாம் அந்த வாட்ச்மேன் பயலால!" என்றார் சுக்கூர். "அன்னிக்கு அவன் மட்டும் மரியாதையா விட்டிருந்தா..."

"அவன் இன்னா தப்புப் பண்ணான்?"

"இன்னாவா?"

"ஊர்ல ஒரு கல்யாணம் விடாம சொல்வீங்களே, உங்க பாட்டனாரு கதை. கோட்டைத் தலைவர் கில்லேதாரோட மச்சினன் குதிரையில வந்து நின்னான், சீட்டு இல்ல, உங்க பாட்டனாரு கதவைத் திறக்கல. 'சீட்டு இல்லாம எங்கப்பன் வந்தாலும் வெளியதான்'னு சொன்னாரு. அதுக்குத்தானே உங்களுக்கு வாசல்காரர்னு பேரு?" அசீசுன்னிசா குரலை உயர்த்தவில்லை. பையிலிருந்து எடுத்த மல்லாட்டையை உரித்துக்கொண்டே பேசினாள். "அந்த வாட்ச்மேனும் அதே வாசல்ல அதே வேலையத்தானே செஞ்சான்? உங்க பாட்டனாரு செஞ்சா வீரம். அவன் செஞ்சா பயலா? அந்த மச்சினன் இப்படித்தான் முப்பது வருஷம் மரத்தடியில உக்காந்து திட்டியிருப்பான்."

சுக்கூரின் காதுமடல் இரண்டும் கொதித்தன. நாற்பத்தைந்து வருஷமாக இந்தக் கதையைத் தலையாட்டிக் கேட்டவள், இதை எத்தனை வருஷமாக உள்ளே வைத்திருந்தாளோ? அந்த மச்சினன் இடத்தில் போய்த் தன்னை உட்கார வைத்துவிட்டாளே!

கையைக் கழுவினார். செருப்பை மாட்டினார்.

"எந்திரி."

"எங்க?"

"கேள்வி கேக்காதே. பாயைச் சுருட்டு. வேணாம், குடு, நானே சுருட்டுறேன். உன் முழங்காலு ஒரு வேலைக்கும் ஆகாது!"

டிக்கெட் வரிசையில் பதினைந்து பேர் நின்றார்கள். சுருட்டிய பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடைசியில் போய் நின்றார். நின்ற இரண்டாவது நிமிஷம் அவர் பயந்தது நடந்தது.

"அடடே, வாசல்காரரே!"

காஸ்பர். கடைவீதியில் விதைக்கடை வைத்திருப்பவர். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் தினமும் சுக்கூரோடு உட்காருகிறவர். மனைவி இருதயமேரியோடு கோட்டையிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தார். "இது டிக்கெட் வாங்குற வரிசைங்க பாய். மரத்தடி அந்தப் பக்கம்!"

வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். இருதயமேரி கணவரின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். சுக்கூர் நிமிர்ந்து நின்றார்.

"தெரியும் காஸ்பர். எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது. டிக்கெட் வாங்கத்தான் நிக்கிறேன். நாளைக்கு டீக்கடையில சொல்லணும்னா சொல்லு. இல்ல, மைக் வேணும்னா நானே செட்டு வாடகைக்கு எடுத்துத் தர்றேன்!"

"கோவப்படாதீங்க பாய், சும்மா..."

"சும்மா இல்ல! கோவமாத்தான் இருக்கேன்! தள்ளு, வரிசை நகருது."

இடையில் புகப் பார்த்த ஒருவனைத் தோளைப் பிடித்துப் பின்னால் அனுப்பினார். கவுண்டரில், "ரெண்டு" என்றார். வந்த இரண்டு சீட்டையும் விரல்நுனியில் பிடித்தபடி வாசலுக்கு நடந்தார். அசீசுன்னிசா பின்னால் வந்தாள்.

வாசலில் நின்றவர் அசீசுன்னிசாவைப் பார்த்ததும் சிரித்தார். "அம்மா, மாத்திரை குடுத்துட்டீங்களா? வாங்க வாங்க. தாத்தா, நீங்களும் போங்க. அம்மா இப்பத்தானே போனாங்க, டிக்கெட்டெல்லாம் எதுக்கு?"

சுக்கூர் நின்றுவிட்டார். பின்னால் வந்தவர்கள் முட்டிக்கொண்டார்கள்.

"எதுக்கா? எதுக்குன்னா கேக்கிறே?" அவர் குரல் மதிலில் பட்டுத் திரும்பியது. "இந்த வெயில்ல அரைமணி நேரம் நின்னு வாங்கியிருக்கேன். தெரிஞ்ச மூஞ்சின்னா விட்டுடுவியா? நாளைக்கு எவனாவது, நான் இன்னார் வீட்டு ஆளுன்னு வந்து நிப்பான். அவனையும் விடுவியா? பாருய்யா! ரெண்டையும் பாரு!"

வாசலில் நின்றவர் மிரண்டுபோய் இரண்டு சீட்டையும் வாங்கி, முன்னும் பின்னும் பார்த்து, ஒவ்வொன்றாகக் கருவியில் காட்டித் திருப்பிக் கொடுத்தார். "சரியா இருக்குதுங்க ஐயா."

"ம்" என்றார் சுக்கூர்.

உள்ளே பாதை வெயிலில் கிடந்தது. அசீசுன்னிசா மெதுவாக நடந்தாள். பத்தடி போனதும் அவர் நின்று, எரிச்சலோடு கையை நீட்டினார். அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கொஞ்சம் வேகமா வா. அந்தச் சமீர் பயலுக்கு ஒண்ணும் தெரியாது. இந்நேரம் யானைக்குளத்தை நீச்சல்குளம்னு பர்வினுக்குச் சொல்லிட்டிருப்பான். அவ அதை அப்படியே ஆம்பூருக்குச் சொல்லிடுவா."