காசியம்மாளுக்குப் போடாத மீதி மருந்து

1

இந்தக் கதை என்னுடையதில்லை. வடக்கனந்தலில் ஒரு கல்யாணப் பந்தியில், பக்கத்து இலையில் உட்கார்ந்த நர்ஸ் கண்ணகி சொன்னது. கல்வராயன் மலையில் வேலை பார்த்த ஒன்பது வருஷத்தை அவள் பேசப் பேச, இலையில் சோறு ஆறிப்போனது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மலையைப் பனி மூடியிருந்த அந்தக் காலையில்...' (அடித்துவிட்டேன். அன்று சுள்ளென்று வெயிலாம்.)

2

காசியம்மாளை நாய் கன்னத்தில் கடித்திருந்தது. புருஷன் இருசப்பன் இரண்டு மணி நேரம் நடத்தி, கண்ணகி வேலை பார்த்த சுகாதார நிலையத்துக்குக் கூட்டிவந்தான். கண்ணகி காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, தடுப்பூசி போட்டாள். பிறகு, டாக்டர் எடை பார்த்துச் சொன்ன அளவு, காயத்தைச் சுற்றி இன்னொரு மருந்து. அது வெளியே தயாரித்து வரும் எதிர்ப்பொருள், கிருமியை உடனே பிடிக்கும். குப்பியில் கொஞ்சம் மிஞ்சியது.

"அதையும் போடுங்க," என்றான் இருசப்பன்.

"அவ்ளோதாங்க அளவு."

"மலைக்காரங்கன்னா கம்மியாதான் போடுவீங்களா?"

(முதலில் வரும் எதிர்ப்பொருள் கிருமியைப் பிடிப்பதோடு நிற்பதில்லை. பின்னால் முதிரும் எதிர்ப்பாற்றல் எந்தப் பக்கம் திரும்பும், எவ்வளவு வளரும் என்பதிலும் அதற்குக் கை உண்டு. அளவு மிஞ்சினால் தடுப்பூசியையே அமுக்கிவிடும். இதைக் கண்ணகி என்னைவிட நன்றாகச் சொன்னாள்.)

"இது வெளியேர்ந்து வந்த காவலுங்க. ஜாஸ்தியானா அவங்க ஒடம்பு சொந்தமா கத்துக்காது."

இருசப்பன் மனைவியைக் கூட்டிக்கொண்டு போனான்.

3

மூன்றாம் நாள் ஊசிக்கு அவர்கள் வரவில்லை. இங்கே காசியம்மாளைச் சாகடித்தால் கதைக்குக் கனம் கூடும். 'தண்ணீரைக் கண்டதும் அவள்...' மேலே எழுதக் கை வரவில்லை.

நடந்தது வேறு. கண்ணகி மருந்துப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு மலையேறிப் போனாள். காசியம்மாள் மரவள்ளிக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அவருக்குக் கோவம். நான் இன்னா பண்ணுவேன்?" என்றபடி கையை நீட்டினாள்.

தள்ளி நின்ற இருசப்பன் கேட்டான்: "இவ்ளோ தூரம் நடந்துக்கினா வந்தீங்க?"

மீதி ஊசிகளுக்கு அவனே கூட்டிவந்தான். கடைசி நாளில், "இனிமே அவ ஒடம்பே பாத்துக்குமா?" என்றான். "பாத்துக்கும்," என்றாள் கண்ணகி.

4

இப்போது கண்ணகிக்குக் கள்ளக்குறிச்சியில் வேலை. டோக்கன் வரிசை. அவளோடு யாரும் சண்டை போடுவதில்லை. அதுதான் ஏக்கமாக இருக்கிறதாம்.

அவளுக்காக ஒரு முடிவு எழுதினேன்: பஸ் ஸ்டாண்டில் காசியம்மாள் எதிரே வருகிறாள். போனில் வாசித்துக் காட்டினேன்.

"அப்டி நடக்கலைங்க," என்றாள். பிறகு, "அடிச்சிடாதீங்க. இருக்கட்டும்."

அடிக்கவில்லை, நடந்ததாகவும் சொல்லவில்லை. இருவரும் எதிரெதிரே நிற்கிறார்கள். யார் முதலில் பேசுவது என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.