பொடித்தையல்

“சோலை பறந்த அந்தத் துணிய நான் பாக்கணும் அண்ணாச்சி.”

இதை மட்டும் கேட்காதே என்று அம்மா மூன்று முறை சொல்லி அனுப்பியிருந்தாள். காகிதத்தில் என்ன எழுதியிருந்தாலும் கையெழுத்துப் போட்டுவிட்டு வா, துணியைக் காட்டச் சொல்லாதே. ஏன் என்று கேட்டேன். தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். பெரிய ஆட்களைப் பகைக்கப் பயப்படுகிறாள் என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் முதலில் டிகிரி வாங்கியவள் நான், பிஎஸ்சி ஃபிசிக்ஸ். அதை வைத்து எனக்குக் கிடைத்த முதல் வேலை, அண்ணன் செத்தது அவன் தப்பால்தான் என்று கையெழுத்துப் போடுவது.

பூவனநாதன் அண்ணாச்சிக்குக் கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ். அவர் மருமகன் அந்தமான் பக்கம் ஒரு தீவில், சுற்றுலா வருகிறவர்களை வானத்தில் ஏற்றி இறக்கும் தொழில் நடத்தினார். முதுகில் மோட்டாரும் பெரிய விசிறியும் கட்டிக்கொண்டு மணலில் ஓடினால், பின்னால் கிடக்கும் பாராசூட் துணி காற்றை வாங்கி எழும்பித் தூக்கும். சுமை தூக்கப் போன என் அண்ணன் சோலைராஜ் ஒரே வருஷத்தில் ஆள்களை முன்னால் கட்டிக்கொண்டு பறக்கக் கற்றுக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை என் ஹாஸ்டலுக்கு போன் போடுவான். மேலே போய் மோட்டாரை அணைத்துவிட்டால் காற்று மட்டும்தானாம். கீழே கடலில் ஆமை நீந்துவது தெரியுமாம். தென்னந்தோப்பைத் தாண்டி வருகிற காற்றுதான் ஆபத்து, துணியை ஒரு பக்கம் மடக்கிவிடும் என்பான். பயமாக இல்லையா என்று கேட்டேன்.

“கயத்தாத்து ரோட்டுல லாரிக்கு எதுக்க சைக்கிள் ஓட்டுததுக்கு இது தேவல, ஏட்டி.”

மாசி மாதம் ஒரு காலையில், ஆள்களை ஏற்றுமுன் தனியாகச் சோதித்துப் பார்க்க ஏறியிருக்கிறான். தோப்புக்கு மேலே துணி கிழிந்தது. சீல் வைத்த பெட்டியில் வந்தான். இப்போது இந்தக் காகிதம்: தடுத்தும் கேளாமல் தன் விருப்பத்தில் பறந்தார்.

அண்ணாச்சி சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் குடோனைத் திறக்கச் சொன்னார். அந்தத் தீவுப் போலீஸ் எழுதிக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிட்டதாம். அவர் பத்திரமாகத்தான் வைத்திருந்தார். குச்சி காயப்போடும் முற்றத்தில் விரித்தார்கள். ஆரஞ்சும் நீலமும், வெயிலில் வெளுத்துப்போய். நடுவில் ஒரு ஆள் நீளத்துக்குக் கிழிசல்.

கிழிசலை ஒட்டி இரண்டு வரிசைத் தையல் ஓடியது. பொடித்தையல், நகம் நுழையாது. என் பள்ளிக்கூடப் பாவாடை முதல் இப்போது உடுத்தியிருக்கும் சுடிதார் வரை ஓடுகிற அதே தையல்.

“ஐப்பசில கிழிஞ்சு வந்தது,” என்றார் அண்ணாச்சி. “ஒங்கம்மாதான் தச்சுக் குடுத்தாவ. நாங்க கொற சொல்லல.”

அப்போது நான் ஹாஸ்டலில் இருந்தேன். விபத்துச் செய்தியோடு பேப்பரில் இந்தத் துணியின் கலர் போட்டோ வந்த அன்றே அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். அதற்குப் பிறகு அவள் மெஷினை மிதிக்கவில்லை. எண்ணெய் மட்டும் விடுகிறாள்.

குனிந்து பார்த்தேன். நூல் ஓரிடத்திலும் அறுந்திருக்கவில்லை. ஊசித் துளைகளின் வழியே துணிதான் பிரிந்திருந்தது, தபால்தலையைத் தாளிலிருந்து கிழிப்பதுபோல. துளைகள் எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு சுலபம். இதற்கு டிகிரி வேண்டாம். அம்மா ஏனோதானோ என்று தைத்திருந்தால் ஒருவேளை இன்னும் கொஞ்சம் தாங்கியிருக்கும்.

தையல் இல்லாத ஓரத்தைப் பிடித்து இழுத்தேன். பழைய பேப்பர்போல வந்தது.

“இது மக்கிப் போச்சு அண்ணாச்சி. ரெண்டு வருசத்துக்கு முன்னாடியே தூரப் போட்டிருக்கணும்.”

“இருக்கட்டும். கிழிஞ்சது எங்கன? கேஸுன்னு போனா யாரு தச்சதுன்னுதான் மொதல்ல கேப்பாவ. ஒங்கம்மாவக் கூண்டுல ஏத்தணும்.” முற்றத்து மேசையில் காகிதத்தின் மேல் திறந்து கிடந்த பேனாவை என் பக்கம் நகர்த்தினார். ஆபீஸில் எனக்கு ஒரு நாற்காலி இருக்கிறது என்றும் சொன்னார்.

“அம்மாகிட்ட என்ன துணின்னு சொன்னீய?”

“கலியாணப் பந்தல் துணின்னு. அப்படிச் சொல்லச் சொன்னதே ஒங்கண்ணந்தான். நெசத்தச் சொன்னா பயந்துருவாவளாம். வேற யாருட்டயும் குடுக்காதீய, எங்கம்மா தச்சா பிரியாதுன்னான்.”

தீப்பெட்டி அடைத்துக்கொண்டிருந்த பெண்கள் கைகளை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள். நாளை இவர்கள் வாயில் அம்மா என்ன ஆவாள் என்று எனக்குத் தெரியும். மகனைத் தைத்தே கொன்றவள். கடம்பூர் சந்தை வரைக்கும் போகும். நான் கையெழுத்துப் போட்டால் அந்தப் பேச்சு வராது. சோலை, சொன்ன பேச்சுக் கேட்காத தறுதலையாகக் காகிதத்தில் கிடப்பான். அம்மா எண்ணெய் விட்டுக்கொண்டே இருப்பாள். மிச்சம் இருக்கிற மக்கிப்போன துணிகளோடு அந்தக் கடற்கரையில் நாளைக் காலையும் யாரோ ஒருவன் ஓடுவான்.

ஓரத்தில் கிழிந்து வந்த துண்டைக் கைக்குள் மடித்துக்கொண்டேன். பேனாவை மூடி மேசையில் வைத்தேன்.

“ஏ பிள்ள, ஒங்கம்மாவ நெனச்சுப் பாரு.”

அவளைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். போலீஸில் கொடுக்கும் மனுவில், துணியைத் தைத்தவர் வெயிலுகந்தம்மாள் என்று நான்தான் என் கையால் எழுதவேண்டும். அது அவள் சொல்லிக்கொடுத்த எழுத்தில்லை. அவளுக்கு எழுதத் தெரியாது.

வாசலில் எங்கள் ஊர் மினி பஸ் நின்றது. கண்டக்டர் என்னைப் பார்த்து விசில் ஊதாமல் காத்திருந்தார். அதைத் தாண்டி போலீஸ் ஸ்டேஷன் இருக்கும் பக்கம் நடந்தேன்.