இரண்டாவது பிரேக்

1

காலை ஆறே முக்கால். அப்பாவும் மகளும் பூங்காவைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார்கள்.

கதை இப்படித் தொடங்குவதாக இருந்தது. ஆனால் இந்தக் கதை எனக்குக் கிடைத்த இடம் பூங்கா அல்ல, ஒரு கார். எனக்கு வண்டி ஓட்டக் கற்றுத்தருபவர்தான் அந்த அப்பா. பயிற்சிக் காரில் அவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. போன வாரம் பேசிக்கொண்டே வந்தவர் அதை மிதித்து வண்டியை நடுச்சாலையில் நிறுத்தினார். எதிரே எதுவும் வரவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவர் கண்ணாடி வழியே வெளியே பார்த்தபடி இருந்தார்.

நான் இன்னும் அந்த இருக்கையை விட்டு இறங்கவில்லை.

2

முதலில் மகள். வயது பதினாறு. மனச்சோர்வு. ஜன்னலோரம் சோகமாக அவள்

(இந்த வரியை அடித்துவிட்டேன். மனச்சோர்வு என்றதும் என் கை தானாக ஜன்னலைத் தேடுகிறது. அவர் சொன்னது வேறு: "ஒரு கால்ல சாக்ஸ் போட்டுருப்பா. இன்னொண்ணு கையில இருக்கும். அப்படியே உக்காந்திருப்பா மேடம். ஸ்கூல் வேன் வந்துட்டுப் போயிடும்.")

மருத்துவர் பேச்சுச் சிகிச்சையோடு ஓட்டத்தையும் எழுதிக்கொடுத்தார். "இது மந்திரமில்ல, ஆனா உதவும். கூட ஒருத்தர் ஓடுங்க. பேசிக்கிட்டே ஓடுற வேகம் போதும். மூச்சு வாங்கினா குறைச்சுடுங்க."

ஓடினால் மனம் தேறும் என்று ஒரு கட்டுரையில் எழுதிவிடலாம். கதையில் அந்த இரண்டாவது சாக்ஸை யாராவது மாட்டியாக வேண்டும். அவர்தான் மாட்டிவிட்டார். தினமும்.

3

இனி அப்பா. இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் இருந்தது. யாரையும் ஒரு வாக்கியம் முடிக்க விடமாட்டார். "சார், இந்த வளைவுல" என்பதற்குள் "கிளட்ச்" என்பார். வீட்டிலும் அப்படித்தானாம். "எனக்கு என்னமோ" என்று மகள் தொடங்கினால், "எல்லாம் சரியாப் போயிடும்மா" என்று முடித்துவைப்பார். அன்பாகத்தான்.

இப்படிப்பட்டவர், ஓடும்போது மகள் சொன்னதை எப்படி வாய் திறக்காமல் கேட்டிருப்பார்? வாசகர் நம்பமாட்டார். நானே நம்பவில்லை. அவரிடமே கேட்டேன்.

"மூச்சு வாங்கக்கூடாதுன்னது அவளுக்குன்னு நெனச்சுட்டேன் மேடம். எனக்கும்தான்னு தோணவே இல்ல. இந்தத் தொப்பையத் தூக்கிக்கிட்டு அவ வேகத்துக்கு ஓடினேன்."

அதனால் மகளுக்குப் பேச மூச்சு இருந்தது. குறுக்கிட அவருக்கு இல்லை.

4

முதல் வரைவில் அவள் அழுதுகொண்டே சொன்னாள். எழுதலாமா என்று அப்பா மூலம் கேட்டபோது வந்த பதில்: "எழுதட்டும். ஆனா என்னை அழ வைக்க வேணாம்னு சொல்லுங்க." ஆகவே அழவில்லை. பாதையைப் பார்த்தபடி, ஓடிக்கொண்டே சொன்னாள்.

"என்னப்பா, பழைய வண்டி ஏத்தத்துல ஏறுற மாதிரி வர்றீங்க."

அவர் கையை ஆட்டினார்.

"பேசாதீங்க. நீங்க பேசாம வர்றது நல்லாத்தான் இருக்கு." கொஞ்ச தூரம் ஓடினாள். "போன மாசம் மொட்டை மாடிக்குப் போனேன்ல. காத்து வாங்கப் போறேன்னு."

அவர் தலையை ஆட்டினார்.

"காத்து வாங்கப் போகலப்பா."

அவர் கால்கள் அதன் பிறகும் ஓடினவாம். ஏன் என்று அவருக்குத் தெரியவில்லை.

"நீங்க கீழேருந்து கத்தினீங்க, மழை வருது, துணிய எடுத்துட்டு வான்னு. எடுத்துட்டு வந்தேன். அவ்வளவுதான்."

காரில் பிரேக் விழுந்தது இந்த இடத்தில்தான். "துணிதான் மேடம்," என்றார். "ரெண்டு போர்வை, ஒரு துண்டு. நான் கத்தினது அவளுக்காக இல்ல."

5

முடிவுகள்.

(அ) அவர் மகளைக் கட்டிக்கொள்கிறார். (நடந்திருக்கலாம். நான் எழுதினால் சினிமாவாகிறது.)

(ஆ) "சரியாப் போயிடும்மா" என்று அவர்

இல்லை.

அன்றே மருத்துவரிடம் போனார்கள், மொட்டை மாடிக் கதவுக்குப் பூட்டு வந்தது, இருவரும் இப்போதும் ஓடுகிறார்கள். இவை எனக்குத் தெரியும். அந்தப் பாதையில் அவர் என்ன பதில் சொன்னார் என்று மட்டும் தெரியாது. நான் கேட்கவில்லை. அவர் பிரேக்கிலிருந்து காலை எடுத்து, "ஃபர்ஸ்ட் கியர் போடுங்க" என்றார். போட்டேன்.

ஆகவே அந்த வரி உங்களுடையது. பூங்காப் பாதையில் அவர் குனிந்து முழங்காலைப் பிடித்து நிற்கிறார். மூச்சிரைப்பு தணிந்துவருகிறது. அவள் எதிரே நிற்கிறாள். அவள் முழுதாகச் சொல்லி முடித்துவிட்டாள்.

"மூச்சு வந்துடுச்சாப்பா?"