சிரிக்கிற அட்டைக்கு ஒரு நட்சத்திரம்

செவ்வாய்க்கிழமை கேப்டனின் அக்கா போன் செய்தபோது நான் வேறொரு வீட்டில் ஒருவருக்குப் புண் கட்டிக்கொண்டிருந்தேன். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டுதான் பேசினேன்.

"சிஸ்டர், தம்பி நேத்துலேருந்து சாப்பிடவே இல்ல. தலைய சுவத்துல முட்டிக்கிறான்."

"எங்கயாவது வலிக்குதா? அட்டைய வச்சுக் கேட்டீங்களா?"

"கேட்டேன். சிரிக்கிறதத்தான் எடுக்குறான்."

"அப்ப பயப்பட ஒண்ணுமில்லக்கா. நாளைக்கு எப்படியும் வரேன்ல."

சொல்லிவிட்டு நிம்மதியாகக் கட்டைக் கட்டி முடித்தேன். அந்த நிம்மதிக்காக இன்றைக்கும் என்னை நான் மன்னிக்கவில்லை.

கேப்டனுக்கு நாற்பத்திரண்டு வயது. தூங்கும்போதுகூடத் தொப்பியைக் கழற்றமாட்டார், அதனால் அந்தப் பெயர். அறிவு வளர்ச்சிக் குறைபாடு என்று என் கோப்பில் எழுதியிருக்கும். பேச்சு நாலைந்து வார்த்தைதான், ஆனால் அந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். இப்படிப்பட்டவர்களின் வீடு வீடாகப் போய் எடை, பல், ரத்த அழுத்தம் பார்ப்பதும், உடம்புக்கு ஒன்றென்றால் சொல்லப் பழக்குவதும் என் வேலை. அதற்காகத்தான் ஐந்து முகங்களை நானே அட்டையில் வரைந்தேன். ஒரு கோடியில் சிரிக்கிற முகம், மறுகோடியில் அழுகிற முகம். புதன்தோறும் பரப்பி வைப்பேன். கேப்டன் ஒன்றை எடுப்பார். நான் கைதட்டி, சட்டையில் ஒரு தங்க நட்சத்திரம் ஒட்டுவேன். என் கெட்டிக்காரத்தனத்தை ஆபீஸ் கூட்டத்தில் வேறு பீற்றிக்கொண்டேன்.

புதன்கிழமை நான் மணியை அழுத்துவதற்குள் அக்கா கதவைத் திறந்துவிட்டாள். கேப்டன் கட்டில் விளிம்பில் குனிந்து உட்கார்ந்திருந்தார். தொப்பியின் ஓரமெல்லாம் வேர்வையில் நனைந்திருந்தது. உதடு வெடித்திருந்தது. சட்டையைத் தூக்கி வயிற்றைத் தொட்டேன். உப்பி, பலகை மாதிரி இறுகிக் கிடந்தது.

"வெளிய போய் எத்தன நாளாச்சுக்கா?"

"அஞ்சு நாள் இருக்கும். காலைல பச்சையா வாந்தி எடுத்தான்."

ஒரு கையால் ஆம்புலன்ஸுக்கு எண்ணை அழுத்தியபடியே மறு கையால் அட்டைகளைப் பரப்பினேன். கேப்டனின் விரல் அழுகிற முகத்துக்கு மேலே போய் நின்றது. என்னை ஒருமுறை பார்த்தார். விரல் மெல்ல நகர்ந்து சிரிக்கிற முகத்தை எடுத்தது. கண்ணில் நீர் வழிய, நட்சத்திரத்துக்காக நெஞ்சை நிமிர்த்திக் காட்டினார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு வருடமாக அவர் நன்றாக இருந்த நாட்களில், சிரிக்கிற அட்டைக்கு மட்டுமே நான் கைதட்டியிருக்கிறேன். வலியைச் சொல்ல நான் பழக்கவில்லை. வலியை மறைக்கப் பழக்கியிருக்கிறேன், அதுவும் பரிசு கொடுத்து.

அவசரப் பிரிவில் இருந்த டாக்டருக்கு நேரமில்லை. கேப்டன் கட்டில் கம்பியில் தலையை முட்டுவதைப் பார்த்துவிட்டு, "இவங்க இப்படித்தான் அடம் பண்ணுவாங்க. இடம் மாறினா பயம்" என்றார். கேப்டனின் கையில் இருந்த அட்டையைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "பாருங்க, அவரே நல்லா இருக்கேங்குறார். உட்காருங்க, கூப்பிடுறோம்."

அக்கா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு முன்னால் என் தப்பைச் சொல்ல வெட்கமாக இருந்தது. சொல்லாவிட்டால் கேப்டன் அந்த வரிசையிலேயே செத்துப்போவார்.

"டாக்டர், அந்த அட்டைய நம்பாதீங்க. அது பொய். அந்தப் பொய்யச் சொல்லக் கத்துக்கொடுத்ததே நான்தான். நேத்து இந்த அக்கா போன் பண்ணப்பவும் அத நம்பித்தான் சும்மா இருந்துட்டேன். தயவுசெஞ்சு வயித்துல கைய வைங்க."

டாக்டர் கையை வைத்தார். அடுத்த நிமிடம் ஸ்ட்ரெச்சரைக் கூப்பிட்டார். குடல் முறுக்கிக்கொண்டிருந்தது. தொப்பியைக் கழற்றியபோது கேப்டன் போட்ட கூச்சல் ஆபரேஷன் அறைக் கதவு மூடிய பிறகும் கேட்டது. நாலு மணி நேரம் நாங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு சுவரையே பார்த்தாள்.

பிழைத்துக்கொண்டார். ஆனால் என் பயம் அதோடு தீரவில்லை. மூன்றாம் நாள் வார்டில் அட்டைகளைப் பரப்பினேன். கேப்டன் அட்டையைப் பார்க்கவே இல்லை. என் முகத்தைப் பார்த்தார். பிறகு அக்காவின் முகத்தை. எங்களுக்கு எது வேண்டும் என்று தேடினார்.

"அக்கா, திரும்பி நில்லுங்க" என்றேன்.

இரண்டு பேரும் கட்டிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றோம். பக்கத்துக் கட்டில்காரர் எங்களுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதென்று நினைத்திருப்பார். கையைப் பின்னால் நீட்டி விரித்து வைத்தேன். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. அட்டைகள் உரசும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. அப்புறம் என் உள்ளங்கையில் ஓர் அட்டை விழுந்தது.

பார்க்கப் பயமாக இருந்தது. பார்த்தேன். அழுகிற முகம்.

"வலிக்குதாம்க்கா!" என்று கத்திவிட்டு, வலிமருந்து கேட்க ஓடினேன்.