பறவை பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார்

முகத்தைக் காட்டாமல் மாப்பிள்ளைகளை அடையாளம் சொல்லச் சொன்னாலும் சுதர்சினி சொல்லிவிடுவாள். எல்லாம் காலுறையை வைத்துத்தான். கட்டுகஸ்தோட்டை வீட்டின் முன்னறைக்குத் தேத்தண்ணித் தட்டோடு வந்து தலையைக் குனிந்து நின்ற ஒவ்வொரு தடவையும் அவள் கண்ணில் பட்டது அது மட்டுந்தானே! கட்டம் போட்ட காலுறை, பெருவிரல் எட்டிப் பார்த்த காலுறை. ஒருத்தன் ஒரு காலில் நீலமும் மற்றக் காலில் கறுப்புமாக வந்திருந்தான். வந்தவர்கள் வடையைச் சாப்பிட்டார்கள், பொண்ணுக்குப் பாடத் தெரியுமா என்று கேட்டார்கள், போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்து போனார்கள். சொல்லியும் அனுப்பினார்கள். பொண்ணு கொஞ்சம் நிறம் கம்மியாம். பொண்ணு கொஞ்சம் கூடுதலாக் கதைக்குதாம். குனிந்த தலை நிமிராமல் நின்றவள் எப்போது கதைத்தாள் என்று கேட்க அந்த வீட்டில் ஆளில்லை.

இத்தனைக்கும் கண்டி டவுனில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில்தான் அவளுக்கு வேலை. நாள் முழுக்க மனிதர்களின் முகத்தை நேருக்கு நேர் பார்த்து, இந்த மூக்குக்கு இந்த பிரேம் சரிவராது என்று சொல்கிறவள். அவளைக் கட்டிக்கொள்ளப் போகிறவனின் மூக்கைப் பார்க்க மட்டும் அவளுக்கு உரிமை இல்லை. நல்ல நியாயம்!

கல்யாணம் வேண்டாமென்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. வேண்டும். வேலை முடிந்து வந்தால் கதைக்க ஓர் ஆள், சண்டை போட்டுச் சமாதானமாக ஓர் ஆள் வேண்டுமென்று முப்பத்துமூன்று வயதில் அவள் மனம் ஏங்கத்தான் செய்தது. ஆனால் 'ஒனக்குப் புடிச்சிருக்கா?' என்று இன்றுவரை ஒருத்தரும் அவளைக் கேட்கவில்லை. பெற்ற தாய் கலாராணிகூடக் கேட்கவில்லை. அதனால்தான் மாத்தளைச் சம்பந்தம் வந்தபோது அவள் ஒரே பிடியாக நின்றாள்.

"இனித் தட்டுத் தூக்க மாட்டேன்மா. அந்தப் பையனுக்கு என்னையப் பாக்கணும்னா ஞாயித்துக்கெழம நான் குருவி பாக்கப் போற எடத்துக்குத் தனியா வரச் சொல்லுங்க. இதுதான் கடைசி. இதுவும் சரிவரலேன்னா இனி ஒருத்தரும் இந்த வாசப்படி ஏற வேணாம்."

கலாராணி தலையில் அடித்துக்கொண்டாள், அழுதாள், இரண்டு நேரம் சாப்பிடாமல் இருந்து பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் பயந்து பயந்து தரகருக்குப் போன் போட்டால், மாப்பிள்ளை வீட்டில் சரி என்றுவிட்டார்கள். ஆச்சரியந்தான்.

பொல்கொல்லை அணைக்கட்டில் மகாவலி தேங்கி நிற்கிற பக்கமாக, மாதம் ஒரு ஞாயிறு, ஹபீல் சேர் பத்துப் பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு பறவை பார்க்கப் போவார். மடவளையில் துணிக்கடை வைத்திருப்பவர். கிழமை நாட்களில் அவர் கூப்பிடுகிற சத்தத்துக்குத் தெருவில் போகிற பஸ்ஸே நின்று போகும். ஞாயிறு காலையிலோ மூச்சு விடுவதைக்கூட மெல்லத்தான் விடுவார். அவருடைய சட்டம் மூன்று: கதைக்கக் கூடாது, சென்ட் பூசக் கூடாது, சிவப்பு உடுத்தக் கூடாது. "கடையில சிவப்புச் சாரி விக்கிறது வேற, அதக் கட்டிக்கிட்டுக் குருவிக்கு முன்னால நிக்கிறது வேற," என்பார்.

அன்றைக்கு எல்லோரும் கரையில் கூடி நின்ற நேரம் வான் வண்டி ஒன்று வந்து நின்றது. கதவு திறந்ததும் முதலில் இறங்கியது ஒரு தக்காளிச் சிவப்புப் பட்டு. அதற்குள் இருந்தவள் மாப்பிள்ளையின் தாய் பேச்சியம்மா. பின்னால் பழத்தட்டோடு மாப்பிள்ளையின் அக்கா, அவளுடைய புருஷன், தாய்மாமன். எல்லோருக்கும் கடைசியில், வெள்ளைச் சட்டையும் பளபளக்கும் சப்பாத்துமாக மாப்பிள்ளை கிருஷ்ணராஜ்.

தனியாக வரச் சொன்னதை அவர்கள் தங்கள் வழக்கப்படி விளங்கிக்கொண்டிருந்தார்கள்: அயலார் இல்லாமல் குடும்பத்தார் மட்டும். நல்ல காரியத்துக்கு ஒற்றைப்படையாகப் போக வேண்டும், மூன்று பேராகப் போனால் காரியம் முடியாது. ஆகவே ஐந்து பேர். அந்த ஐந்து பேரின் மல்லிகையும் சந்தனமும் காற்றில் வந்து சேருமுன்னே, கரையோரம் நின்ற கொக்குகள் அத்தனையும் எழும்பி அணைக்கட்டுப் பக்கம் பறந்துவிட்டன.

"யா அல்லாஹ்! யார் இந்தக் கல்யாணக் கூட்டம்?" என்றார் ஹபீல் சேர்.

"என்னையப் பொண்ணு பாக்க வந்தவங்க சேர்," என்றாள் சுதர்சினி. மெதுவாகத்தான் சொன்னாள். ஆனாலும் குருவிச் சத்தம் கேட்கப் பழகிய அத்தனை காதுக்கும் அது கேட்டுவிட்டது. பூமி பிளந்து தன்னை உள்ளே இழுத்துக்கொண்டால் நல்லது என்றிருந்தது அவளுக்கு.

ஹபீல் சேர் தன் பச்சை மழைக்கோட்டைக் கழற்றிக்கொண்டு நேரே பேச்சியம்மாவிடம் போனார். "அம்மா, கோவிச்சிக்காதீங்க. இதப் போட்டுக்கங்க. நீங்க சிவப்பா நின்னா இண்டைக்கி ஒரு குருவியும் வராது."

"என்னாங்க தம்பி இது, பட்டுக்கு மேல மழக்கோட்டா?" என்று மூக்கைச் சுளித்தாலும் பேச்சியம்மா போட்டுக்கொண்டாள். பழத்தட்டை வண்டியில் வைத்துவிட்டு எல்லோரும் வரிசையாக நடந்தார்கள். தேயிலை மலையேறிக் கொழுந்து பறித்த கால்கள் பேச்சியம்மாவுடையவை. வழுக்கும் கரையில் சத்தமே இல்லாமல் எல்லோரையும் முந்திப் போனாள். தாய்மாமன் மட்டும் பெருமூச்சு விட்டபடி வந்தார்.

கிருஷ்ணராஜின் பளபளத்த சப்பாத்து பத்தடிக்குள் சேற்றில் புதைந்துவிட்டது. ஒற்றைக் காலில் நின்று ஆடியவனுக்குச் சுதர்சினி கையிலிருந்த தடியை நீட்டினாள். அவன் அதைப் பிடித்துக்கொண்டு காலை இழுத்தான். சப்பாத்து வந்தது, கூடவே வாளியளவு சேறும் வந்தது.

"தேங்ஸ்ங்க. எனக்குக் காக்காவும் கொக்குந்தான் தெரியும். நேத்து போன்ல கொஞ்சம் படிச்சேன். இப்பப் பாத்தா எல்லாம் ஒரே மாதிரி இருக்கு," என்றான்.

"பரவால்ல. படிச்சிட்டு வந்து எனக்கே பாடம் எடுக்காம விட்டீங்களே," என்றாள் அவள். அவன் சிரித்தான். அவளும் சிரிக்கத்தான் போனாள். தாய்மாமன் பார்க்கிறார் என்று அடக்கிக்கொண்டாள்.

ஆற்றங்கரை வயலாகிற இடத்தில் ஹபீல் சேர் கையை உயர்த்தி எல்லோரையும் நிறுத்தினார். முக்காலியில் தொலைநோக்கியைப் பொருத்தி, வெகுநேரம் குனிந்து பார்த்து, அதன்பிறகுதான் வாய் திறந்தார். "மயிலுள்ளான். லேசில கண்ணுல படாது. வாங்க, ஒவ்வொருத்தரா."

பேச்சியம்மாதான் முந்திக்கொண்டாள். சேற்றுக்கும் நாற்றுக்கும் நடுவே இரண்டு பறவைகள் நின்றன. ஒன்று செம்பழுப்புக் கழுத்தும் வெள்ளைக் கண்வளையமுமாக அத்தனை எடுப்பு. மற்றது மங்கல், அதன் காலடியில் பஞ்சு உருண்டை போலக் குஞ்சுகள்.

"ஆம்பள என்னா அழகு! பாவம் பொட்டச்சி, புள்ளைகளோட மல்லுக்கட்டுது," என்றாள் பேச்சியம்மா.

"மாத்திச் சொல்றீங்க அம்மா," என்றார் ஹபீல் சேர். "அழகா இருக்கிறதுதான் பொண்ணு. முட்டையப் போட்டுட்டு அது போயிரும். அடைகாக்கிறது, குஞ்சு வளர்க்கிறது எல்லாம் ஆண்தான். ஜோடி தேடுறதும் பொண்ணுதான். அது கூப்புட்டுக் கேக்கும். ஆணுக்குப் புடிச்சா வரும்."

"இதென்னா அநியாயமா இருக்கு!" என்று தாய்மாமன் வாய்விட்டே சொல்லிவிட்டார். ஹபீல் சேர் முறைத்த முறைப்பில் அடங்கிப் போனார்.

பேச்சியம்மா தொலைநோக்கியை விடுவதாயில்லை. பின்னால் நின்றவர்கள் செருமினார்கள், அவள் அசையவில்லை. அந்த மங்கல் பறவை குஞ்சுகளை இறக்கைக்குள் கூட்டிக்கொள்ளும்வரை பார்த்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள். கண் கலங்கியிருந்தது.

"என்னையப் பாக்க இவன் அப்பா வந்தப்ப நான் அடுப்படிக் கதவுக்குப் பின்னால நின்னேன்," என்றாள், யாருக்கென்று இல்லாமல். "நல்ல மனுசன். கொறை சொல்ல ஏலாது. ஆனா ஒருத்தரும் என்னையக் கேக்கல." பிறகு சுதர்சினியின் பக்கம் திரும்பினாள். "ஏம்மா, ஒனக்கு எங்க பையனப் புடிச்சிருக்கா?"

எத்தனை வருடமாகக் காத்திருந்த கேள்வி! பதிலைப் பற்றிச் சுதர்சினி யோசித்ததே இல்லை. கேட்பார்கள் என்று யார் நினைத்தது?

"அக்கா, இதெல்லாம் பொண்ணுக்கிட்ட கேக்குற வழக்கமா? நாம போய்ச் சொல்லி அனுப்…" என்று தாய்மாமன் தொடங்கினார்.

"நீ சும்மா இருடா," என்றாள் பேச்சியம்மா.

சுதர்சினி தலை நிமிர்ந்து கிருஷ்ணராஜைப் பார்த்தாள், கடையில் பார்ப்பதுபோல நேருக்கு நேராக. கொஞ்சம் அகன்ற மூக்கு, காதோரம் ஒன்றிரண்டு நரை, கன்னத்தில் தெறித்த சேறு. பயந்துபோய் நின்றான். பயந்தாலும் பார்வையைத் திருப்பவில்லை.

"இன்னும் தெரியல ஆன்ட்டி," என்றாள். பொய் சொல்லவில்லை என்பதில் அவளுக்கே ஒரு நிம்மதி. "ஒரு விசயம் கேட்டுப் பாக்கட்டுமா?"

"அவங்கிட்டயே கேளு."

அவள் அவனிடம் திரும்பினாள். "கோவம் வந்தா என்னா செய்வீங்க?"

பாடத் தெரியுமா, சமைக்கத் தெரியுமா என்று வரும் என எதிர்பார்த்திருப்பான் போலும். தாயைப் பார்த்தான், அவள் உதவிக்கு வரவில்லை.

"கதவ அடிச்சுச் சாத்திட்டு ரூமுக்குள்ள போயிருவேன்," என்றான் கடைசியில். "கொஞ்ச நேரத்துல பசிக்கும். நானே தொறந்துக்கிட்டு வந்துருவேன்."

"அது நெசந்தான்," என்றாள் அவனுடைய அக்கா பின்னாலிருந்து.

சுதர்சினிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. வயல் முழுக்கக் கேட்கும்படி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நாற்றுக்குள்ளிருந்து பெண் மயிலுள்ளான் விருட்டென்று எழும்பி ஆற்றைத் தாண்டிப் போனது.

"சுதர்சினி! நீங்களுமா?" என்று தலையில் கை வைத்தார் ஹபீல் சேர்.

"மன்னிச்சிருங்க சேர்," என்றவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி கிருஷ்ணராஜிடம் வந்தாள். மனது இப்படி லேசாகி எத்தனை காலம் என்று அவளுக்கே தெரியவில்லை. "எனக்கு இன்னும் நெறையக் கேக்க இருக்கு. ஒரு நாளையில முடியாது."

"கேளுங்க," என்றான் கிருஷ்ணராஜ். "நான் திரும்பவும் வாறேன்."