நாக்கின் அடியில் இரண்டு விரல்

அவர் காய்கறிச் சந்தையில் ஏலம் விடுபவர். வாய் திறந்தால் மூன்று தெரு தள்ளிக் கேட்கும். பல் டாக்டர் அவருடைய மனைவியின் தங்கை. கீழ்வரிசையில் விழுந்த பல்லுக்குப் பதில் புதிது வைக்க, தாடை எலும்பில் துளை போட்டுக்கொண்டிருந்தாள். கருவி எலும்பின் உட்புறத்தைத் தாண்டி ஒரு மயிரிழை போய்விட்டது.

முதலில் கொஞ்சம் ரத்தம்தான். அடுத்த நிமிடமே நாக்கின் அடிப்பகுதி நீலம் பாரித்து உப்பி, நாக்கை மேலே தூக்கத் தொடங்கியது. வீக்கம் தொண்டையை அடைத்தால் மூச்சு நின்றுவிடும். அவள் நாற்காலியை நிமிர்த்தி, இரண்டு விரலை நாக்கின் அடியில் விட்டு, மறு கையை முகவாயின் கீழே கொடுத்து, ரத்தம் கசியும் இடத்தை நடுவில் வைத்து இறுக்கிப் பிடித்தாள்.

“ஆம்புலன்ஸைக் கூப்பிடு. நாக்குக்கு அடியில ரத்தக்கசிவு, மூச்சுக்குக் குழாய் வைக்கத் தயாரா இருக்கச் சொல்லு,” என்றாள் உதவிப் பெண்ணிடம். பிறகு அவரைப் பார்த்து, “மாமா, துளை கொஞ்சம் தள்ளிப் போயிடுச்சு, என் தப்புதான். மூக்கால மூச்சு விடுங்க. நான் கைய எடுக்க மாட்டேன்.”

ஆம்புலன்ஸில் அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க, அவள் எதிரே முட்டி போட்டுப் பிடித்தபடியே போனாள். வண்டி குலுங்கும்போதெல்லாம் விரலில் பல் பதிந்தது. அவர், கூடவே ஏறிக்கொண்ட தன் மனைவியின் உள்ளங்கையில் விரலால் ஏதோ எழுதினார். அக்கா எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

“‘கடிச்சா கோவிச்சுக்காதே’ன்னு எழுதறார்டி.”

கண்ணில் நீர் முட்டியிருந்தும் டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “கடிங்க மாமா. இன்னிக்கு உங்களுக்கு எல்லாத்துக்கும் அனுமதி உண்டு.”

ஆஸ்பத்திரியில் மூக்கு வழியாகக் குழாய் இறக்கிய பிறகுதான் அவளைக் கையை எடுக்கச் சொன்னார்கள். அறுந்த ரத்தக்குழாயைக் கட்டிவிட்டு வெளியே வந்த சர்ஜன், “நீங்க பிடிச்ச பிடியிலதான் ஆள் இங்க வந்து சேர்ந்தார்,” என்றார். அவள் விரல்கள் மடங்கியது மடங்கியபடியே இருந்தன. டீ கிளாஸைப் பிடிக்க முடியவில்லை. அக்காவே அவள் உதட்டில் கிளாஸை வைத்தாள்.

“நான்தான்க்கா துளைச்சேன்.”

“தெரியும். குடி.”

மூன்றாம் நாள் வீக்கம் வடிந்து, குழாயை எடுத்தார்கள். அவர் கரகரத்த குரலில், “பாப்பா, அந்தப் பல்ல எப்ப வைக்கப்போற?” என்றார்.

“வேற டாக்டரப் பாருங்க மாமா.”

“உன் கைக்குப் பழகின வாய் இது. வேற யாருக்கும் திறக்காது.”

“முதல்ல மாத்திரை போடத் திறங்க,” என்றாள் மனைவி. அவர் சமர்த்தாகத் திறந்தார்.