டிரைவர் இறங்கியாச்சா?

புருஷனின் விலை கிலோவுக்கு இருபத்தெட்டு. பழைய இரும்புக்கடைக்காரர் முதலில் சொன்னது முப்பத்திரண்டு. அவன் பெண்டாட்டி அரைவிலை பேசிப் பேசி நான்கைக் குறைத்தாள். அறுபத்தைந்து கிலோவுக்கு ஆயிரத்து எண்ணூற்று இருபது ஆனது. அதற்கு முன் அந்தக் கடைத்தெருவில் யாரும் ஒரு ஆளை எடைபோட்டு வாங்கியதில்லை என்பதால் இது அதிகமா குறைச்சலா என்று சொல்ல முன்விலை கிடையாது. ஆனால் அன்றைக்குப் பழைய இரும்பு முப்பதில் நின்றது. இரண்டு கீழேதான் முடித்திருக்கிறாள் என்று தெரு பேசிக்கொண்டது.

அரைவிலை என்பது அவளுக்குத் தெரு வைத்த பெயர். சொன்ன விலையில் பாதியிலிருந்துதான் வாயைத் திறப்பாள். அவள் தலை தெரிந்ததும் கடைக்காரர்கள் விலையை இரட்டிப்பாக்கி வைத்துக்கொள்வார்கள். அது அவளுக்கும் தெரியும் என்பதால் கால்வாசியிலிருந்து தொடங்குவாள். கடைசியில் எல்லோரும் நியாயமான விலையில் வந்து நின்று, இரண்டு பக்கமும் ஜெயித்ததாக நினைத்துக்கொண்டு போவார்கள். புருஷன் நேர்மாறு. வாடகை கொடுத்தால் வாங்கிக்கொள்வான், கொடுக்காவிட்டால் சிரிப்பான். ஓட்டியது ஒரு பச்சை பிக்கப் வண்டி. நாலு சக்கரமும் இழுக்கும். பட்டாளம் இருபது வருஷம் ஓட்டிக் கழித்துவிட்டதை, கல்யாணமான புதிதில் அரைவிலை பேரம் பேசி வாங்கிக் கொடுத்தாள். சேறு, மேடு, ஆற்றுமணல் எதிலும் அது நின்றதில்லை. தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் கணுக்கால் அளவு ஓடிய ஒரு மதியம், வண்டி பாலத்தின் நடுவில் வலப்பக்கம் திரும்பி ஆற்றுக்குள் போனது. பார்த்தவர்கள் இரண்டு பேர். இருவருமே பின்பக்கம் சிவப்பு விளக்கு எரிந்தது, பிரேக்கை மிதித்திருக்கிறான், ஆனால் வண்டி நேராகப் போகவில்லை என்றார்கள்.

ஏழு வருஷம் ஆறு எதையும் திருப்பித் தரவில்லை. எட்டாவது வருஷம் மழை பொய்த்து ஆறு ஒரு வாய்க்கால் அளவுக்குச் சுருங்கியபோது, மணலுக்கு மேல் வண்டியின் கூரை தெரிந்தது. கதவுகள் சாத்தியபடி, கண்ணாடிகள் ஏற்றியபடி இருந்தன. உள்ளே கூரை வரை மணல். ஓட்டுநர் இருக்கையில் மட்டும் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கும் வடிவத்துக்கு மணல் படியாமல் காலியாக இருந்தது. எலும்பு, செருப்பு, பொத்தான், ஒன்றும் கிடைக்கவில்லை. ஆற்றுக்குள் கிடந்தது அரசாங்கச் சொத்து என்று ஏலம் விட்டார்கள், இரும்புக்கடைக்காரர் எடுத்தார், கழுவி, கிரேனில் தூக்கி, எடைமேடைக்குக் கொண்டுவந்தார்.

எடைமேடையில் நடக்கிற தகராறெல்லாம் ஓட்டுநரைப் பற்றியதுதான். காலி வண்டியை நிறுக்கும்போது ஓட்டுநர் உள்ளே இருந்து, சரக்கோடு நிறுக்கும்போது இறங்கிக்கொண்டால், வாங்குகிறவருக்கு ஒரு ஆள் எடைச் சரக்கு சும்மா கிடைக்கும். மாற்றிச் செய்தால் விற்கிறவர் ஒரு ஆளையே தக்காளி விலைக்கு விற்றுவிடலாம். அதனால் அங்கே கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பவன், எண்ணைப் பார்ப்பதற்கு முன் ஜன்னல் வழியாக ஒரு சத்தம் கொடுத்தாக வேண்டும்: "டிரைவர் இறங்கியாச்சா?" உட்கார்ந்திருந்தவன் இறந்தவனின் தம்பி, அரைவிலையின் கொழுந்தன். அண்ணன் வண்டியின் காலி எடை ஆயிரத்து அறுநூற்று இருபது என்பது அவனுக்குத் தூக்கத்திலும் தெரியும். துரு தின்றதில் கொஞ்சம் குறைந்திருக்கும் என்று நினைத்தபடி, பழக்கதோஷத்தில் சத்தம் கொடுத்தான். யாரும் பதில் சொல்லவில்லை. எண் ஆயிரத்து அறுநூற்று எண்பத்தைந்தில் நின்றது. இயந்திரத்தைத் தட்டினான், பூஜ்யம் வைத்தான், எடை தெரிந்த லாரி ஒன்றை ஏற்றிச் சரிபார்த்தான், திரும்ப நிறுத்தான். அறுபத்தைந்து அதிகம், சரியாக அண்ணன் எடை. கூண்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டு அண்ணிக்கு ஆள் அனுப்பினான்.

அவள் வந்து சீட்டைப் பார்த்தாள். "என் வீட்டுக்காரர் எடைக்கும் இரும்பு விலையா முதலாளி?"

"ஏலத்துல இரும்புன்னுதான் எடுத்தேன். வேணும்னா அவரை இறக்கிவிட்டுட்டு வண்டியை மட்டும் வாங்கிக்கம்மா."

"இறங்குற ஆளா இருந்தா ஏழு வருஷம் ஆத்துக்குள்ள உக்காந்திருப்பாரா?"

"அதான் சொல்றேன். வண்டியோட ஒட்டினதெல்லாம் வண்டிக் கணக்கு."

வீட்டின் பின்பாதியை விற்று வண்டியை மெக்கானிக் கொட்டகையில் சேர்த்தாள். வாங்கின நாளிலிருந்து அந்த வண்டிக்குக் கைவைத்தவர் அவர். கடைசி நட்டுவரை கழற்றுங்கள், ஃப்ரேமிலிருந்து திரும்பக் கட்டுங்கள் என்றாள். எதற்கு என்று அவர் கேட்கவில்லை, அவளாகவே சொன்னாள். "எங்க உக்காந்திருக்காருன்னு தெரியணும்ணே. தெரிஞ்சா இறங்குங்கன்னு சொல்லிடுவேன். அவ்வளவுதான் எனக்கு வேணும்." கூலி எவ்வளவு என்று கேட்டதற்கு, "பார்த்துக் குடும்மா" என்றார். அந்தத் தெருவில் இதைவிட ஆபத்தான விலை கிடையாது. விலையே சொல்லாத ஆளிடம் பாதி கேட்க முடியாது. அரைவிலை வாழ்க்கையில் முதல்முறையாகப் பேரம் பேசாமல் வெளியே வந்தாள்.

முதலில் பின்தொட்டி இறங்கியது, பிறகு கேபின். கொழுந்தன் மூட்டை நிறுக்கும் தராசு ஒன்றைக் கொட்டகைக்குக் கொண்டுவந்து, கழற்றியதையெல்லாம் நிறுத்தான். கேபின் எடை கேபின் எடையாகவே இருந்தது. ஓட்டுநர் இருக்கையைத் தனியாக வைத்துப் பார்த்தார்கள். நாலு சுருள்வில்லும் கொஞ்சம் ஈரத் தேங்காய்நாரும்தான். ஸ்டீயரிங் சக்கரத்தில் இருப்பான் என்று அரைவிலை நம்பியிருந்தாள், அதிலும் இல்லை. இன்ஜின் இறங்கியது, பெரிய கியர்பெட்டியும், முன்சக்கரங்களுக்கு இழுவை பிரித்துக் கொடுக்கும் சின்ன கியர்பெட்டியும் இறங்கின, அச்சுகள் போயின, வில்பட்டைகள் போயின. எதைக் கழற்றினாலும் அது தன் எடையோடு போனது, அறுபத்தைந்து கிலோ மிச்சமிருந்ததோடு நின்றது. மழைக்காலம் வந்து போனது. கடைசியில் மரமுட்டுகளின் மேல் வெறும் ஃப்ரேம், இரண்டு நீள இரும்பும் ஐந்து குறுக்கு இரும்பும், ஒரு ஆள் அதிகமாகக் கனத்துக் கிடந்தது.

ஃப்ரேமின் உட்பக்கமாக ஓடிய பிரேக் குழாய்களை மட்டும் மெக்கானிக் கழற்றாமல் விட்டிருந்தார். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினார். ஸ்பேனர் சேரவில்லை என்றார். பொறுமையிழந்த கொழுந்தன் தானே ஸ்பேனரை எடுத்து, இடது முன்சக்கரத்துக்குப் போகும் குழாயைத் திருகி விடுவித்தான். பென்சில் தடிமனில் கை நீளமுள்ள குழாய். அது அவன் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்ததும் சிமெண்ட் விரிசல் விட்டது. முட்டுகளின் மேல் ஃப்ரேம் பெருமூச்சு விட்டதுபோல் ஒரு விரல் உயர்ந்தது. குழாயைத் தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. அதன் ஒரு நுனி சுத்தியலால் தட்டப்பட்டு, காகிதத்தைப்போல் மடிக்கப்பட்டிருந்தது.

"இதை யாரு மடக்கினது?" என்றான் கொழுந்தன்.

மெக்கானிக் சுத்தமாயிருந்த கையையே துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். "நான்தாம்பா. ரப்பர் ஹோஸ் வெடிச்சிருந்துச்சு. புதுசு போட எண்ணூத்தம்பது சொன்னேன்."

"சொன்னீங்க, அப்புறம்?"

"உங்க அண்ணிகிட்ட கேளு."

கேட்க வேண்டியிருக்கவில்லை. அவளுக்கு நன்றாகவே நினைவிருந்தது. தெருவில் ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்த பேரம் அது. பாதி தருகிறேன் என்றாள். அதற்கு ஹோஸே வராது என்றார் மெக்கானிக். சரி, ஐம்பதுக்கு என்ன செய்வீர்கள் என்றாள். ஐம்பதுக்கு இந்தக் குழாயை அடித்து மடக்கி, அந்த ஒரு சக்கரத்துக்கு எண்ணெய் போகாமல் நிறுத்தலாம், மிச்சம் மூன்று பிடிக்கும், ஒரு வாரத்துக்கு மேல் வைத்துக்கொள்ளாதே என்றார். "நாலு சக்கரம் இழுக்குதுன்னு காசு வாங்கினீங்க. பிடிக்கிறதுக்கு மூணு போதாதா?" என்று அவள் கேட்டதும் கொட்டகையே சிரித்தது. புருஷன்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தான். ஒரு வாரம் என்பது அடுத்த மாதமாயிற்று. எண்ணூறு மிச்சம். இடது முன்சக்கரம் பிடிக்காமல் வலது மட்டும் பிடித்தால், மிதிக்கும்போது வண்டி வலப்பக்கம் திரும்பும். பாலத்தின் வலப்பக்கம்தான் ஆற்றில் ஆழம்.

அவள் ஒரு முக்காலி போட்டுக் குழாய்க்கு எதிரே உட்கார்ந்தாள். இறங்குங்க என்றாள். தப்பு என்னுதுதான், இறங்கிடுங்க என்றாள். நாள் கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தாள். பதில் வராதபோது, பழக்கம் யாரை விட்டது, "பாதியாவது இறங்குங்களேன்" என்று கேட்டுப்பார்த்தாள். கொழுந்தன் நிறுத்துப் பார்த்தான். ஒரு கிராம்கூடக் குறையவில்லை. அந்த ஆள் உயிரோடிருந்தவரை அவளிடம் ஒருமுறைகூடப் பேரத்தில் ஜெயித்ததில்லை.

மறுநாள் அவள் உதிரிபாகக் கடைக்குப் போய் ஒரு குழாயும் ஹோஸும் கேட்டாள். கடைக்காரர் அவளைப் பார்த்ததும் வழக்கம்போல இரட்டிப்பாக்கி ஆயிரத்து எழுநூறு என்றார். எண்ணிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். கடைக்காரர் பணத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், இரண்டுமுறை எண்ணினார், அவள் போன திசையையே ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எங்கேயோ தான் ஏமாந்துவிட்டதாகவே முடிவுசெய்தார்.

வண்டியைத் திரும்பக் கட்ட இரண்டு வருஷம் ஆனது. மணலடித்துத் துருவை உதிர்த்து, அழுகிப்போன இரண்டு குறுக்கு இரும்புகளை வெட்டிப் புதியது பற்றவைத்தார்கள். ஃப்ரேமுக்குச் செந்நிற அடிப்பூச்சும் அதன்மேல் கறுப்பும் ஏறின. வில்பட்டைகளை நெருப்பில் காய்ச்சி மறுபடி வளைத்தார்கள். இறுகிப்போன இன்ஜினைக் குடைந்து புது பிஸ்டன் போட்டதற்கு வீட்டின் முன்பாதியும் போயிற்று. அரைவிலை கொட்டகைக்குப் பின்னால் ஒரு வாடகை அறைக்குக் குடிவந்தாள். கேபினுக்குப் பழைய பச்சையே அடித்தார்கள். மடங்கிய குழாய் மட்டும் தரையில் விரிசலுக்குள் கிடந்தது, அதைத் தூக்கி வைக்க யாருக்கும் தெம்பில்லை.

கடைசி வேலை பிரேக்கில் காற்று எடுப்பது. ஒருவர் மேலே உட்கார்ந்து மிதிக்க வேண்டும், ஒருவர் கீழே படுத்துக் காற்று வெளியேறும் திருகைத் திறந்து மூட வேண்டும். அரைவிலை ஓட்டுநர் இருக்கையில் ஏறினாள். "மிதி... பிடிச்சுக்கோ... விடு" என்று கீழிருந்து மெக்கானிக் குரல் கொடுத்தார். மிதிக்க மிதிக்க, மெத்தென்று போய்க்கொண்டிருந்த பெடல் ஒருமுறை கல்லாக நின்றது. நாலு சக்கரமும் பிடித்தன. அந்த நேரம் வாசல் வழியாக வந்த காற்றில், தரையில் கிடந்த குழாய் துரும்பாக உருண்டு போய்ச் சுவரில் முட்டி நின்றது. மெக்கானிக் அதைப் பார்த்தார். பிறகு மேலே இருக்கையின் புதுச் சுருள்வில்கள் ஒவ்வொன்றாக முனகுவதைக் கேட்டார். அவள் இறங்கியபோது ஏறுபடி வளைந்தது.

எடைமேடையில் வண்டியை நிறுத்தினார்கள். "டிரைவர் இறங்கியாச்சா?" என்றான் கொழுந்தன்.

"இறங்கியாச்சு தம்பி" என்றாள் அரைவிலை.

எண் ஆயிரத்து அறுநூற்று இருபது. ஒரு ஆள் கூடுதல் இல்லை. வண்டி போனபின் அவள் தனியாக மேடைமேல் ஏறி நின்றாள். அவள் ஐம்பது கிலோவுக்கு மேல் என்றைக்கும் இருந்ததில்லை. எண் நூற்றுப் பதினைந்தில் நின்றது. கொழுந்தன் இயந்திரத்தைத் தட்டவில்லை. "இறங்கச் சொன்னேன், இறங்கிட்டாரு" என்றாள் அவள். எங்கே இறங்க வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. பேரத்தில் சொல்லாமல் விட்டது எப்போதும் எதிராளியின் இஷ்டம்.

மெக்கானிக் கூலி வாங்க மறுத்துவிட்டார். வண்டியைக் கொழுந்தன் வாடகைக்கு விட்டான். அது எந்தப் பாலத்திலும் நேராக நின்றது. அரைவிலையின் அறையில் கட்டில் இரண்டு முறை முறிந்தபின் அவள் தரையில் படுத்தாள். மாடிப்படி உள்ள கடைகளுக்குள் போவதை விட்டாள். பஸ்ஸில் ஏறினால் நடத்துநர் முதலில் தயங்கினார். அப்புறம் வண்டி சாய்வதைப் பார்த்து இரண்டு டிக்கெட் கிழித்தார். அவளும் இரண்டுக்கும் காசு கொடுத்தாள். காய்கறிக்காரர்கள் இரட்டிப்பு விலை சொல்ல, அதையும் கொடுத்தாள். பேரம் இல்லாத வியாபாரம் உப்பில்லாமல் போனதால், கூச்சப்பட்டு அவர்களே பாதியாகக் குறைத்துக்கொண்டார்கள். எப்படியோ அவள் பெயர் மாறவில்லை.

வருஷத்துக்கு ஒருமுறை, எடைமேடைக்கு அதிகாரிகள் முத்திரை வைக்கிற நாளில் கொழுந்தன் முதலில் அண்ணியை ஏற்றி நிறுப்பான். இயந்திரம் சரியாக இருக்கிறதா என்பதற்கு அதைவிட நல்ல சோதனை அவனுக்குத் தெரியவில்லை. வருஷத்துக்கு வருஷம் எண் குறைந்தது. அறுபத்தைந்து குறையவில்லை, குறைந்ததெல்லாம் அவளுடையது. போன வருஷத்துச் சீட்டு இது: வண்டி எண், இல்லை. சரக்கு, இல்லை. மொத்தம், நூறு. இதில் தன் எடை, முப்பத்தைந்து. டிரைவர், உள்ளே.